பெருவிரலுக்கு அடுத்த விரல்

முழங்கால் மாற்று ஆபரேஷனுக்கு நாள் வாங்கிவிட்டு, எக்ஸ்ரே கவரை பீரோ மேல் வைத்துவிட்டு, உள்ளுக்குள் பயந்துகொண்டிருப்பவர்கள் இதைப் படிக்கலாம். பயமுறுத்த எழுதவில்லை. ஆபரேஷன் நல்ல ஆபரேஷன்தான். எங்கள் மாதா கோயில் பங்கிலேயே நாலு பேர் செய்துகொண்டு, கோயில் திருவிழாவில் தேருக்குப் பின்னால் ஜம்மென்று நடக்கிறார்கள். எனக்கு நடந்தது வேறு. அதைச் சொல்ல வந்தால் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோபப்பட்டால் பிரஷர் ஏறும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏறட்டும்.

என் பெயர் சவரிமுத்து. ஆவூர்ப் பக்கம் ஊர். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். குளத்தூர், இலுப்பூர் இரண்டு தாலுகாவிலும் நான் சங்கிலி பிடித்து அளக்காத வயல் குறைவு. மனைவி ஸ்டெல்லா தொடக்கப் பள்ளி டீச்சராக இருந்தவள். இன்றைக்கும் ஊரில் பாதிப் பேர் அவளைக் கண்டால் பீடியை மறைப்பார்கள். ஒரே மகள் குடும்பத்தோடு மஸ்கட்டில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

வலது முழங்கால் வலி நாலைந்து வருடமாக இருந்தது. தைலம், ஒத்தடம், மாத்திரை, மூட்டுக்குள் ஊசி, எல்லாம் பார்த்தாயிற்று. தொடையெலும்பின் அடியிலும் கால் எலும்பின் தலையிலும் வழவழவென்று ஒரு குருத்தெலும்பு உண்டு. அது தேய்ந்து போனால் எலும்போடு எலும்பு உரசும். எனக்கு உட்பக்கம் சுத்தமாகப் போய்விட்டது. தேய்ந்த முனைகளைச் சீவிவிட்டு மேலே ஒரு உலோகத் தொப்பி, கீழே ஒரு உலோகத் தட்டு, நடுவில் உறுதியான பிளாஸ்டிக் பலகை வைப்பதுதான் முழங்கால் மாற்று. முழுக் காலையும் வெட்டி மாற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒரு வருடம் தள்ளிப்போட்டவன் நான். அது என் அறியாமை.

திருச்சியில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். ஆட்டோ வாசலில் நின்றதும் ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் நடப்பேன் என்றேன். இங்கே எல்லாருக்கும் இதுதான் சார் என்று உட்கார வைத்துவிட்டார். ராஜமரியாதை என்று எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். அந்த நாற்காலியிலேயே ரத்தம் எடுக்கும் இடம், இதயப் படம் எடுக்கும் இடம், எக்ஸ்ரே அறை, பிறகு காத்திருக்கும் கூடம். அங்கே முப்பது பேர் என்னைப் போலவே உட்கார்ந்திருந்தார்கள். டி.வி.யில் சமையல் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா தூக்குச் சட்டியில் கொண்டுவந்த இட்லியை யாரும் பார்க்காமல் எனக்கு ஊட்டப் பார்த்தாள். நான் சின்னப் பிள்ளையா என்று அவளைக் கடிந்துகொண்டேன். பயம்தான் அப்படிப் பேச வைத்தது.

முதலில் ஒரு சின்ன டாக்டர் வந்து கேள்வி கேட்டார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாதா, முன்பு ஆபரேஷன் செய்திருக்கிறதா, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறீர்களா. ஆயுசில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்ததில்லை தம்பி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். உண்மைதான். ஸ்டெல்லாவும் பக்கத்திலிருந்து, இவங்களுக்கு இரும்பு உடம்பு என்று சேர்த்துக்கொண்டாள். அவர் வரிசையாக இல்லை, இல்லை என்று டிக் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

பெரிய டாக்டர் என்னைப் பார்த்தது மூன்று நிமிஷம் இருக்கும். அதிலும் முகத்தையோ காலையோ பார்த்ததைவிடக் கம்ப்யூட்டரில் எக்ஸ்ரேயைப் பார்த்ததுதான் அதிகம். முழங்கால் மட்டும் தெரிகிற, ஒரு சாண் படம். நாற்காலியில் இருந்தபடியே காலை ஒரு தடவை மடக்கி நீட்டினார். எந்திரிங்க, நாலடி நடங்க, பார்ப்போம் என்று அவர் சொல்லவில்லை. சின்ன டாக்டரும் சொல்லவில்லை, நர்ஸும் சொல்லவில்லை. வயலை அளக்கப் போகிற சர்வேயர் முதலில் வயலைச் சுற்றி ஒரு நடை நடப்பான். இது எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்தவனுக்கும் தெரியும்.

ஆபரேஷன் அன்று முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். நினைவு தப்பாது, வலி தெரியாது. நெஞ்சுக்கு முன்னால் பச்சைத் துணியைத் திரை மாதிரிக் கட்டிவிட்டார்கள். காலைப் பாதம் வரைக்கும் துணியால் சுற்றிவிட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கம் ரம்பம் ஓடுகிற சத்தம், சுத்தியல் சத்தம். தச்சுப் பட்டறையில் கட்டில் செய்கிற சத்தத்துக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. செபமாலையை மனசுக்குள் சொல்லிக்கொண்டு படுத்திருந்தேன். அப்போது பெரிய டாக்டர் குரல் கேட்டது.

“செகண்ட் டோ பாத்துக்க. லைன் சரியா இருக்கா?”

“ஓகே சார்,” என்றது இன்னொரு குரல்.

எனக்கு அர்த்தம் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலின் தோரணை புரிந்தது. தூரத்தில் கொடி பிடித்து நிற்பவனைப் பார்த்துக் கோடு சரியா என்று நாங்கள் கேட்கிற தோரணை அது. பரவாயில்லை, நம்மாளுங்கதான் என்று நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் கடுப்பு வருகிறது.

மறுநாள் வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். எனக்கு வலது பாதம் வெகு காலமாகவே உள்பக்கம் திரும்பித்தான் இருக்கும். நடந்தால் பெருவிரல் இடது காலைத் தேடிப் போகும். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஸ்டெல்லாவுக்கு அதில் ஒரு குறை உண்டு. அன்றைக்கு அவள் என் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, கையைக் கூப்பிவிட்டாள்.

“என்னங்க, பாதம் நேராயிருச்சு,” என்றாள்.

நானும் பார்த்தேன். பாதம் அம்பு மாதிரி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது. ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரிடம் அவள் அதைச் சொல்ல, அவர் சிரித்துக்கொண்டு போனஸ்னு வச்சுக்கங்கம்மா என்றார். பக்கத்து அறைகளிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மஸ்கட்டுக்கு வீடியோவில் காட்டினோம். அந்தத் தப்பைக் கும்பிட்டுக் கொண்டாடிய குடும்பம் எங்கள் குடும்பம்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு பயிற்சித் தாள். காலை நீட்டி இறுக்கு, தூக்கு, மடக்கு. மடக்குவதுதான் பெரிய வேலை. தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே தசை ஒட்டிக்கொள்ளும் என்று பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் சொன்னாள். நல்ல பெண், அவள் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு ரிட்டயர்டு டீச்சரிடம் இப்படி ஒரு தாளைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. கரும்பலகையில் கோணம் வரைய வைத்திருந்த பெரிய மரப் பாகைமானி ஒன்றை ஸ்டெல்லா பரணிலிருந்து இறக்கினாள். தினமும் காலை ஏழு மணிக்கு என்னைக் கட்டிலில் உட்கார வைப்பாள். முழங்கால் பக்கத்தில் பாகைமானியை வைத்து, கணுக்காலைப் பிடித்து அழுத்துவாள். எழுபது. எழுபத்தைந்து. நாட்குறிப்பில் எழுதிக்கொள்வாள்.

வலித்தது. எல்லாருக்கும் வலிக்கும் என்றார்கள், சரி. ஆனால் என் வலி வேறு மாதிரி. வெட்டின இடத்தில் இல்லை. முட்டிச்சில்லுக்கு அடியில், முன்பக்கம். காலை மடக்கும்போது சில்லு மெல்ல மெல்ல வெளிப்பக்கம் இழுபடும். ஒரு இடத்தில் டக்கென்று தாண்டும். அப்போது உயிர் போய் வரும். படி ஏறினால் தாண்டும், இறங்கினால் தாண்டும், கக்கூஸில் உட்கார்ந்து எழுந்தால் தாண்டும். கோயிலில் எல்லாரும் முழந்தாளிடுகிற நேரத்தில் நான் கடைசி பெஞ்சில் குச்சி மாதிரிக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதுகூடப் பரவாயில்லை. புதுக்கால் வைத்தவர் எப்படியிருக்கீங்க என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போயிற்று.

ஆறாவது வாரம் ரெவ்யூ. விடியற்காலை பஸ் பிடித்துப் போய், டோக்கன் வாங்கி, மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்து, உள்ளே போனால் ரெண்டு நிமிஷம். மறுபடியும் எக்ஸ்ரே, முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. படம் பிரமாதமாக இருக்கிறது, தசை பலவீனம், பயிற்சியைக் கூட்டுங்கள் என்றார். மூன்றாம் மாதமும் அதையே சொன்னார். சில்லு அங்கிட்டு ஓடுது டாக்டர் என்று விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் விரலைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தார். ஐந்தாம் மாதம் நான் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். அப்போதுதான் அவர் என்னை விட்டுவிட்டு ஸ்டெல்லா பக்கம் திரும்பினார்.

“அம்மா, நீங்க டீச்சர்தானே? கொஞ்சம் ஸ்ட்ரிக்டா இருங்க. சார் வலியைப் பெருசு பண்றாரு. பயம்தான், வேற ஒண்ணும் இல்ல.”

இந்த ஒரு வாக்கியம் என் வீட்டுக்குள் வந்து செய்த வேலையை எதிரிகூடச் செய்ய மாட்டான். படித்தவர், ஆயிரம் கால் பார்த்தவர், எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு சொல்கிறார். எதிர்ப்பக்கம், வலிக்குது வலிக்குது என்று சொல்கிற நான். ஸ்டெல்லா அவரை நம்பினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. வீட்டுப்பாடம் எழுதாமல் வயிற்றுவலி என்று வருகிற பிள்ளைகளை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவள். அன்றிலிருந்து ஏழு மணிப் பயிற்சியே வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்பு நான் முகம் சுளித்தால் நிறுத்துவாள். இப்போது நிறுத்தமாட்டாள். ஒரு நாள் சில்லு தாண்டிய வேகத்தில் வாயில் வரக்கூடாத வார்த்தையால் அவளைத் திட்டிவிட்டேன்.

“நடிக்காதீங்க,” என்றாள், கையை எடுக்காமல்.

பிறகு அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுதது எனக்குக் கேட்டது. அரை மணி நேரத்தில் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்து, சூடாறுமுன் குடிங்க என்று வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் ஏழு மணிக்குப் பாகைமானியோடு வந்து நின்றாள். எப்பேர்ப்பட்ட கொடுமை என்றால், இரண்டு பேருமே அடுத்தவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நாளில் நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். உண்மையிலேயே வலிக்கிறதா, இல்லை, நான்தான் கோழையா? அறுபத்தேழு வயதில் ஒரு மனுஷனைத் தன் வலியையே நம்பாதபடி செய்துவிட்டார்கள்.

ஏழாவது மாதம், பென்ஷன்காரர்களுக்கு வருஷம் ஒரு முறை நேரில் தலையைக் காட்டுகிற வேலைக்காகப் புதுக்கோட்டைக்குப் போனேன். திரும்பி வந்து குளத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, கடைசிப் படியில் சில்லு முழுசாக வெளிப்பக்கம் தாண்டிவிட்டது. அப்படியே தார்ரோட்டில் விழுந்தேன். கண்டக்டர் இறங்கி வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். பையோடு பழம் எல்லாம் சிதறிக் கிடந்தது. யாரோ ஒரு பெண் அதையெல்லாம் பொறுக்கிக் கொடுத்தாள். ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டபோது, பாத்து எறங்கக்கூடாதா என்றுதான் முதலில் கேட்டாள். அன்று ராத்திரி மகள் மஸ்கட்டிலிருந்து இரண்டு பேரையும் ஒரு பிடி பிடித்தாள். தஞ்சாவூரில் ஒரு எலும்பு டாக்டரம்மாவிடம் அவளே போனில் நேரம் வாங்கிவிட்டாள்.

அந்த அம்மாவுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். எக்ஸ்ரே கவரை நீட்டினேன். வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, ஐயா, வெளியே வராண்டாவில் அந்தத் தூண் வரைக்கும் நடந்துட்டு வாங்க என்றார். எட்டு மாதத்தில் என்னை நடக்கச் சொன்ன முதல் டாக்டர். போய்விட்டு வந்தேன். கட்டிலில் படுக்க வைத்து, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து, கணுக்கால் வரைக்கும் மெல்லத் தடவிக்கொண்டே போனார். கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே விரல் நின்றது.

“இது எப்ப ஒடஞ்சது?” என்று கேட்டார்.

உடைந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், குடுமியான்மலை அடிவாரத்தில் ஒரு நிலத்தை அளந்துகொண்டிருந்தோம். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பாறை மேலிருந்து குதித்தேன், கால் ஒரு இடுக்கில் போய்த் திருகிக்கொண்டது. கூட வந்தவர்கள் பக்கத்து ஊர் எலும்பு வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். உளுந்த மாவு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பட்டை, துணி. நாற்பத்தைந்து நாள் கட்டு. எலும்பு கூடிவிட்டது, என்ன, கீழ்ப்பாதி கொஞ்சம் உள்ளே திரும்பிக் கூடிவிட்டது. பாதம் உள்ளே பார்ப்பது அதனால்தான். எங்கள் பக்கம் அதற்குப் பெயர் கட்டுப் போட்டது. அதை யாரும் சிகிச்சை என்று சொல்லமாட்டோம், ஆஸ்பத்திரி என்று நிச்சயம் சொல்லமாட்டோம். சின்ன டாக்டர் கேட்ட கேள்விக்கு அது என் நினைவில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். சாதாரண எக்ஸ்ரே முன்னாலிருந்து பார்க்கிற படம். சாய்ந்திருந்தால் தெரியும், திருகியிருந்தால் தெரியாது. சி.டி. காலைக் குறுக்கே துண்டு துண்டாக வெட்டி, மேலிருந்து பார்ப்பது மாதிரிக் காட்டும். டாக்டரம்மா கவரின் பின்பக்கத்தில் பேனாவால் வரைந்து காட்டினார்.

புது மூட்டை எந்தத் திசை பார்த்து வைப்பது என்பதற்கு உடம்பிலேயே அடையாளங்கள் இருக்கின்றன. தொடையெலும்பின் அடியில் உட்பக்கம் ஒரு மேடு, வெளிப்பக்கம் ஒரு மேடு. இரண்டையும் சேர்த்தால் ஒரு கோடு. சில்லு ஓடுகிற பள்ளம் இன்னொரு கோடு, இது அதற்குக் குறுக்கே நிற்க வேண்டும். மேல் தொப்பிக்கு இவை. கீழ்த்தட்டுக்கு, முழங்காலுக்கு நாலு விரற்கடை கீழே முன்பக்கம் ஒரு புடைப்பு இருக்கிறதே, தொட்டுப் பாருங்கள், சில்லின் தசைநார் வந்து பிடிக்கிற இடம். அந்தப் புடைப்பில் உட்பக்கமாக மூன்றில் ஒரு பங்கு தள்ளி ஒரு புள்ளி. அங்கிருந்து மூட்டின் பின்பக்க நடுவுக்குக் கோடு. இது போக, கீழே கணுக்காலின் நடுவும் பாதத்தில் பெருவிரலுக்கு அடுத்த விரலும். அந்த விரல் நேரே முன்னால் பார்த்தால் கோடு சரி என்று எடுத்துக்கொள்வது ஒரு வழக்கம். முறியாத காலில் பெரும்பாலும் எல்லாம் ஒத்துப்போகும்.

செகண்ட் டோ என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

என் காலில் அந்த விரல் நகர்ந்துபோன எல்லைக்கல். அது இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை. அதைப் பார்த்துக் கோடு பிடித்துத் தட்டை உள்ளே திருப்பி வைத்துவிட்டார்கள். தட்டு தொப்பிக்கு நேராக வர, கீழ்க்கால் முழுக்க வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டது, அதனால் பாதம் நேராகிவிட்டது. அதே திருப்பத்தில் முழங்காலுக்குக் கீழே இருக்கிற புடைப்பு வெளிப்பக்கம் போய்விட்டது. அது சில்லைத் தன்னோடு இழுக்கிறது. எத்தனை டிகிரி மடக்கினாலும், எவ்வளவு பயிற்சி செய்தாலும் அது இழுக்கத்தான் செய்யும். ஒற்றைக் கல்லை நம்பிக் கோடு போட்டுவிட்டு, வேறு கல்லோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்காமல் வந்தால், எங்கள் ஆபீஸில் மெமோ கொடுப்பார்கள். அது வெறும் மண். இது என் கால்.

எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது ஸ்டெல்லா கேட்டாள்.

“அப்ப இவங்களுக்கு வலிச்சது?”

“நெசமாத்தாம்மா வலிச்சிருக்கும். ரொம்பவே வலிச்சிருக்கும்,” என்றார் அவர்.

தஞ்சாவூரிலிருந்து ஊர் வந்து சேருகிற வரைக்கும் அவள் பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மறுநாள் ஏழு மணிக்கு அவள் என் அறைப் பக்கம் வரவில்லை. காபியைக்கூட வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். நானே கூப்பிட்டு, விடு, உனக்கு என்ன தெரியும், எனக்கே தெரியாதே என்றேன். அந்த ஆஸ்பத்திரி மேல் எனக்கு அதுவரை இருந்ததெல்லாம் எரிச்சல். வயிறு பற்றி எரிந்தது அன்றைக்குத்தான்.

தட்டைக் கழற்றி மறுபடி வைக்க வேண்டும். உள்ளே இருப்பது எந்த அளவு, என்ன மாதிரி என்று தெரிய பழைய ஆபரேஷன் குறிப்பு தேவை. திருச்சியில் போய் எழுதிக் கொடுத்து, மூன்று நாள் அலைந்து, நகல் வாங்கினோம். ஸ்டெல்லா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து இங்கிலீஷில் இருந்ததை வாசித்தாள். ஐந்தாம் மாத ரெவ்யூவில் ஒரு வரி இருந்தது. அதை இரண்டு தடவை வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னாள். நோயாளி பயிற்சிக்கு ஒத்துழைப்பதில்லை. வலி தாங்கும் சக்தி குறைவு. சொல்லிவிட்டுத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள்.

இரண்டாவது ஆபரேஷன் தஞ்சாவூரில். முதல் தடவையைவிடப் பயம் அதிகம், ஏனென்றால் இந்தத் தடவை எல்லாம் தெரியும். எலும்பு நொறுங்கலாம், கிருமி ஏறலாம், இரண்டாம் தடவை முதல் தடவை மாதிரி வராது என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். அப்படிச் சொன்னதே எனக்குத் தெம்பாக இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் மை பேனாவால் புடைப்பைச் சுற்றி அவரே ஒரு வட்டம் போட்டார். இந்தத் தடவை விரல் எங்க பாத்தா என்ன ஐயா, நமக்கு இதுதான் கல்லு என்றார். திரைக்குப் பின்னால் அவர் மூன்று இடத்தைச் சொல்லி மூன்றையும் சரிபார்க்கச் சொன்னது என் காதில் விழுந்தது. ஆறு நாள் இருந்தோம். எழுந்து நின்றபோது பாதம் பழையபடி உள்ளே திரும்பியிருந்தது. சில்லு அதன் பள்ளத்தில் சத்தமில்லாமல் ஓடியது. தையல் வலித்தது, தொடை வலித்தது, அந்த வலி மட்டும் இல்லை. நர்ஸ் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் வைத்துக் கட்டினது, வைத்தியர் கட்டினது, மரத்திலிருந்து விழுந்து தானாக ஆறினது, எதையும் விடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நான் சொல்லாதது தப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகாததை ஒரு பெருமையாக எண்ணிக்கொண்டது அதைவிடப் பெரிய தப்பு. சக்கர நாற்காலி கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தே உள்ளே போங்கள். வலிக்கிறது என்றால் வலிக்கிறதுதான்.

மூன்று மாதம் கழித்து, கைத்தடி இல்லாமல் நடக்கிற நிலை வந்ததும், ஸ்டெல்லா திருச்சிக்குப் போக வேண்டும் என்றாள். எதற்கு என்றேன். அந்த வரி அப்படியே இருக்கக் கூடாது என்றாள். வழக்குப் போடுவோம் என்று மகள் சொன்னதற்கு மறுத்தவள் இவள். சரி என்று போனோம். டோக்கன் வாங்கி, அதே கூடத்தில் உட்கார்ந்து, மத்தியானம் உள்ளே போனோம்.

சி.டி. படங்களையும் டாக்டரம்மாவின் குறிப்பையும் பெரிய டாக்டர் முன்னால் வைத்தேன். அவர் வாசித்தார். நெடுநேரம் வாசித்தார். பழைய முறிவை நீங்க சொல்லவே இல்லையே என்றார் கடைசியில். ஆமாம், சொல்லவில்லை, அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன் என்றேன். ஆனால் ஐந்து மாதம் வலிக்கிறது என்று சொன்னேனே, அதை எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் ஏதோ சிக்கல்கள், சதவிகிதம் என்று ஆரம்பித்தார். ஸ்டெல்லா கைப்பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்து, வரிக்கு அடியில் விரலை வைத்தாள்.

“டாக்டர், நீங்க சொன்னத நம்பி தெனம் காலைல என் கையால இவங்க காலை மடக்குனேன். இவங்க கத்துனப்ப நடிக்காதீங்கன்னு சொன்னேன். நாப்பத்தோரு வருசம் கூட வாழ்ந்த மனுசனை, உங்க பேச்சக் கேட்டு நான் பொய்யன்னு நெனச்சுட்டேன். இவங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்குவேன், அது எங்க வீட்டு விசயம். நீங்க இந்த வரிக்குக் கீழ, இவங்க சொன்னது நெசம்னு எழுதுங்க.”

குரல் உயரவில்லை. வகுப்பில் பேசுகிற குரல்தான். டாக்டர் பேனாவை எடுத்தார். பிறகு, வலி உண்மையானது, கீழ்த்தட்டின் திருகலால் வந்தது என்று இங்கிலீஷில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. நான் எழுந்துவிட்டேன். ஸ்டெல்லா எழுந்திருக்கவில்லை.

“தாளப் பாத்து எழுதிட்டீங்க. இப்ப இவங்க மொகத்தப் பாத்துச் சொல்லுங்க டாக்டர்,” என்றாள்.

அவர் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். மன்னிப்பாகத்தான் இருக்கும். அது என் காதில் சரியாக விழவில்லை. நான் ஸ்டெல்லாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.